அப்பா வைத்த சிவப்புப் புள்ளி

அப்பா தீக்குச்சியைச் சிவப்பு பெயின்டில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டரின் முதுகில் ஒரு புள்ளி வைத்தார். அங்கே செருகியிருந்த வயரின் தலையிலும் ஒரு புள்ளி. அடுத்த வயருக்கு இரண்டு, அதன் ஓட்டைக்கும் இரண்டு. மானிட்டர் வயருக்கு மூன்று.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் சாயங்காலம் அது. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறை. முன்னறை என்று பெருமையாகச் சொல்கிறேன். அதற்குப் பின்னால் இருந்தது சமையல்கட்டு மட்டும்தான்.

பாபு அண்ணன் மேஜையைச் சுவரிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். தங்கச்சி நான் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். டார்ச் ஆடுகிறது என்று அப்பாவிடம் திட்டும் வாங்கிக்கொண்டிருந்தேன். வெளியே மழை பிடித்துக்கொள்ளப் பார்த்தது. பெயின்ட் வாசனையோடு அம்மா அரைத்துக்கொண்டிருந்த சந்தன வாசனையும் சேர்ந்து வந்தது.

அந்தப் புள்ளிகளை இப்போதும் கண்ணை மூடினால் வரிசையாகச் சொல்வேன். மறந்தால் நன்றாக இருக்கும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

மார்க் போடாமல் கழட்டாதே

அப்பா பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். விடியும் முன்னே கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். பழுதான மெஷினைப் பிரித்து, சரி செய்து, திரும்பப் பூட்டுவது அவர் வேலை.

ஃபிட்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் கழற்றுவதற்கு முன்னால், சேர்ந்திருக்கும் இரண்டு பாகத்திலும் ஒரே மாதிரி அடையாளம் போட்டுவிடுவார்கள். அதற்கு மார்க் என்று பேர். எது எங்கே இருந்ததோ அது அங்கேயே திரும்பப் போக வேண்டும். இடம் மாறினால் மெஷின் சத்தம் போடும், அப்புறம் சூப்பர்வைசர் சத்தம் போடுவார்.

அந்தப் பழக்கத்தை அப்பா கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வரவில்லை. எங்கள் வீட்டு ஃபேனின் றெக்கைகளில் புள்ளி இருக்கும். கட்டில் காலில் இருக்கும். மிக்ஸி மூடியில் இருக்கும். ஒருமுறை நீலசந்திராவில் சித்தி வீட்டுக்கு விருந்துக்குப் போனவர், அங்கே ஆடிக்கொண்டிருந்த பீரோவைப் பிரித்துப் பூட்டி, அதன் நாலு காலுக்கும் பொட்டு வைத்துவிட்டு வந்தார். சித்தி இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா விடமாட்டார். “பசங்களுக்கும் ஆளுக்கு ஒரு மார்க் போட்டுடுங்க. ஸ்கூல்லருந்து மாத்திக் கூட்டிட்டு வந்துடப் போறீங்க” என்பார். அப்பாவோ காது கேட்காதவர் போலப் புள்ளி வைத்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட மனிதர், மகனுடைய கம்ப்யூட்டரைச் சும்மா விடுவாரா?

நெருப்புப் படம் போட்ட பெட்டி

அந்தக் கம்ப்யூட்டர் எங்களிடம் வந்ததே ஒரு கதை. ராஜாஜிநகர் பக்கத்தில் ஒரு கேம் சென்டர் இருந்தது. மணிக்கணக்கில் காசு கட்டிப் பையன்கள் சுட்டுக்கொண்டிருக்கும் இடம். அதை மூடும்போது முதலாளி மெஷின்களை வந்த விலைக்குத் தள்ளினார். கம்பெனியிலேயே முழுசாகச் செய்து, கேம் ஆடுவதற்கென்றே விற்ற பெட்டி அது. பக்கத்தில் நெருப்பு எரிகிற மாதிரிப் படம், முன்னால் நீல விளக்கு. அண்ணன் அதை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். சந்தில் இருந்தவர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள்.

திறந்து பார்த்தால் படம் காட்டுகிற கார்டைக் காணோம். கேம் சென்டர்காரர் விற்பதற்கு முன்னால் நல்ல கார்டுகளை எல்லாம் உருவிக்கொண்டுவிட்டார். போர்டோடு சேர்ந்து வரும் சாதா படம் மட்டும் வரும். லெட்டர் அடிக்கலாம், சீட்டு ஆடலாம். நெருப்புப் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அண்ணனுக்கு அது போதாது. அவன் மல்டிமீடியா கோர்ஸ் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். கேமில் ஆட்கள் ஓடுகிற தெருவையும் வீட்டையும் கட்டுகிறவர்கள் உண்டு. அந்த வேலைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். தெரிந்த சீனியர் ஒருவர் சொல்லி, இந்திராநகரில் ஒரு சின்ன கேம் கம்பெனியில் வரச்சொல்லியிருந்தார்கள். நீயே செய்த ஒரு இடத்தைக் கொண்டுவந்து காட்டு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். விஜயதசமிக்கு மறுநாள் காலையில் போக வேண்டும்.

அவன் கட்டிய இடம் எங்கள் சந்து.

இந்தத் தொடரில் சென்ற வாரம் தண்ணீர்க் குழாய்ச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அந்தக் குழாய் அதில் இருந்தது. வரிசையில் நின்ற பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. பக்கத்து வீட்டு மாடிப்படியில் உடைந்துபோன படிகூட இருந்தது. ஆனால் எல்லாமே வெள்ளைக் கோடுகளாகவும் சாம்பல் பெட்டிகளாகவும்தான் தெரியும். வண்ணமும் வெளிச்சமும் போட்டு ஓடவிட்டால் மெஷின் நின்றுவிடும். தான் கட்டிய சந்தை அண்ணனே ஒருமுறையும் முழுசாகப் பார்த்ததில்லை. கார்டு போட்டால்தான் பார்க்கலாம். வெளிச்சத்தைச் சரியாக வைத்தால்தான் கொண்டுபோய்க் காட்டலாம்.

எஸ்.பி. ரோட்டில்

கார்டு அப்பாவின் போனஸில் வாங்கியது. மூன்று பேரும் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்குப் போனோம். கடைக்காரர் மலிவான ரகத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்து, உங்கள் பெட்டி பழசு, பவர் சப்ளை சின்னது, தாங்கினால் தாங்கும் என்றார். ஸ்க்ரீனில் படம் வரவில்லை என்றால் உடனே ஆஃப் செய்துவிட வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் போர்டே எரிந்துவிடும் என்று பயமுறுத்தினார்.

மாட்டுவது எப்படி என்று அப்பா கேட்டார். கடையில் பூஜைக்கு முந்தைய கூட்டம். அவர் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே கன்னடத்தில் சொன்னார். “கார்டு ஹாகி. கேபிள் தெகெது ஹாகி. அஷ்டே.”

கார்டைப் போடுங்கள், கேபிளை எடுத்துப் போடுங்கள், அவ்வளவுதான் என்று அர்த்தம். எங்களுக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. அதனாலேயே என்ன என்று இரண்டாம் தரம் கேட்கவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்கிறார் என்று அப்பா எடுத்துக்கொண்டார். வாழ்க்கை முழுக்க அவர் செய்துகொண்டிருந்த வேலையும் அதுதானே.

அண்ணனாவது தெரிந்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். கோர்ஸ் நடந்த இடத்தில் மெஷின்கள் எல்லாம் பூட்டிய பெட்டிக்குள் இருந்தன. அவன் ஸ்க்ரீனைப் பார்த்து வளர்ந்தவன். கம்ப்யூட்டரின் முதுகை அவன் பார்த்ததே இல்லை.

நாளே பா

நடுவில் ஒரு பழைய கதை. இது இல்லாமல் மற்றது புரியாது.

நான் சின்ன வகுப்பில் படித்தபோது எங்கள் சந்தில் கதவுக்குக் கதவு “நாளே பா” என்று கன்னடத்தில் எழுதியிருக்கும். நாளைக்கு வா என்று அர்த்தம். ஒரு பேய் வந்து தெரிந்தவர் குரலில் கூப்பிடுகிறது, கதவைத் திறந்தால் கதை முடிந்தது என்று ஊரெல்லாம் பேச்சாகக் கிடந்தது. எழுதி வைத்தால் பேய் படித்துவிட்டுத் திரும்பிவிடுமாம். மறுநாளும் வரும், படிக்கும், போகும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பேய்க்கு, தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று மட்டும் தெரியாது.

அண்ணனுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சந்து முழுக்க எழுதிக் கொடுத்தது அவன்தான். எங்கள் கதவில் எழுதும்போது அம்மாவுக்கு ஒரு சந்தேகம். வருவது தமிழ்ப் பேயாக இருந்தால் என்ன செய்வது? கீழே தமிழிலும் எழுதச் சொன்னார். எங்கள் வீட்டுக் கதவில் மட்டும் இரண்டு பாஷையிலும் இருந்தது.

கம்ப்யூட்டரில் கட்டிய சந்திலும் அண்ணன் அதை விடவில்லை. எங்கள் வீட்டுக் கதவில் சாக்பீஸ் எழுத்து இரண்டு வரியாக இருக்கிறது என்று சொன்னான். சொன்னானே ஒழிய, கோடு கோடாகத் தெரிந்த ஸ்க்ரீனில் எங்கள் யாருக்கும் அது புலப்படவில்லை. கார்டு வரட்டும், காட்டுகிறேன் என்றான்.

பூஜையில் வைத்தது

மறுபடி அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன். அப்பா புள்ளி வைத்து முடித்தார். பெயின்ட் காய ஊதினார். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அண்ணன் பெட்டியைத் திறந்து, கார்டை அதன் பள்ளத்தில் வைத்து அழுத்தினான். டக்கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்கு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அப்பா பனியன் துணியால் பெட்டியைத் துடைத்தார். புள்ளிக்குப் புள்ளி பார்த்து வயர்களைச் செருகினார். மூன்று புள்ளி வயர் மூன்று புள்ளி ஓட்டைக்குள் போனது. கையைத் துடைத்துக்கொண்டு, போடு என்றார்.

அண்ணன் சுவிட்சில் கை வைக்கும்போது கரண்ட் போனது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரில் மழை வந்தால் கரண்ட் போவது புதிதா? வரும் வரும் என்று உட்கார்ந்து, அப்படியே தூங்கிப்போனோம்.

காலையில் அண்ணன் எழுந்தபோது அம்மா தலைக்குக் குளித்து, கோலம் போட்டு, கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தார். அப்பாவின் ஸ்பேனர்கள், அம்மாவின் தையல் மெஷின், என் புத்தகங்கள், நடுவில் நெருப்புப் படம் போட்ட பெட்டி. அதன் தலையில் சாமந்திப் பூ. மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, பொரி கடலையை எடுக்க உள்ளே போயிருந்தார்.

ஒருதடவை போட்டுப் பார்த்துவிடுகிறேன் என்று அண்ணன் கேட்டான். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். தையல் மெஷினையும் தொடமாட்டார்கள், ஸ்பேனரையும் தொடமாட்டார்கள். அம்மா கோபப்படவில்லை. “ஒரு நாள்தானேடா. நாளைக்கு எடுத்துக்கலாம்” என்றார்.

நாளைக்கு. அந்த வீட்டில் அந்த வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை.

கேபிளைப் பார்

விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, அண்ணன் சுவிட்சைப் போட்டான். நீல விளக்கு எரிந்தது. உள்ளே ஃபேன் சுற்றியது. ஸ்க்ரீன் இருட்டாகவே இருந்தது.

பிறகு அந்த இருட்டில் ஒரு சின்னக் கட்டம் தோன்றி அங்கும் இங்கும் மிதந்தது. ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வார்த்தை. கேபிளைச் சரிபார் என்று அதற்கு அர்த்தம்.

அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போனார். புள்ளிகளை எண்ணினார். “எல்லாம் அதது எடத்துலதான் இருக்கு” என்றார்.

கடைக்காரர் சொன்னது அண்ணனுக்கு ஞாபகம் வந்தது. பதறிப்போய் ஆஃப் செய்தான். மறுபடி போட யாருக்கும் தைரியம் வரவில்லை. போட்டால் போர்டு எரியும், போர்டு எரிந்தால் சந்தும் போய்விடும் என்று பயம். வேறு எங்காவது காப்பி எடுத்து வைக்கவில்லையா என்று இன்றைய பிள்ளைகள் கேட்பார்கள். வெளிச்சம் போட்டு முடித்தபிறகு எடுக்கலாம் என்று வைத்திருந்தான்.

ஆளுக்கு ஒரு காரணம் பிடித்துக்கொண்டோம். கார்டு அதிகமாகக் கரண்ட் இழுத்துவிட்டது என்றான் அண்ணன். அப்பா சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒருதரம் டார்ச்சோடு போய்ப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா சமையல்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். தான் தெளித்த மஞ்சள் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நாலு துளிதான் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை.

அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குப் போனான். பண்டிகை நாளில் கடை ஏது? எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தன, ஒவ்வொன்றின் முன்னாலும் உடைத்த பூசணிக்காய் கிடந்தது. நனைந்துபோய்த் திரும்பி வந்தான்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வெறுங்கையோடு இந்திராநகர் போனான். மத்தியானமே வந்துவிட்டான். என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டார்.

“ரெடியானதும் இன்னொரு நாள் எடுத்துட்டு வாங்கன்னாங்க.”

“அப்ப போலாமே?”

“நாளே பா தாம்மா” என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அந்த மாதமே பொம்மசந்திராவில் அப்பாவின் தொழிற்சாலையில் டிரெய்னி எடுத்தார்கள். அப்பா ஏற்கெனவே பேர் கொடுத்து வைத்திருந்தார். அண்ணன் மறுக்கவில்லை. அப்பாவும் மகனும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார்கள். பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போ என்று அப்பா சில தடவை சொன்னார். பார்க்கலாம் என்றான் அண்ணன். ஷிஃப்ட் வேலை, அலுப்பு என்றெல்லாம் காரணம் வந்தது. எல்லாமே எரிந்துபோய்விட்டது என்று கடைக்காரர் வாயால் கேட்க அவனுக்குப் பயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வயர்கள் செருகியது செருகியபடி, அம்மாவின் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு மேஜையிலேயே கிடந்தது அந்தக் கம்ப்யூட்டர். அடுத்த ஆயுத பூஜையில் அம்மா எந்த மெஷினுக்கும் தண்ணீர் தெளிக்கவில்லை. காய்ந்த விரலால் குங்குமம் மட்டும் வைத்தார். டி.வி. பக்கம் ஈரக்கையோடு போகமாட்டார். எங்களையும் விடமாட்டார்.

மஞ்சள் மூடி

நான் கல்லூரிக்கு வந்தேன். அங்கே லேபில் என் மெஷினின் மானிட்டர் வயர் ஒருநாள் கழன்றுவிட்டது. செருகலாம் என்று பின்னால் குனிந்தேன். ஒரே மாதிரி இரண்டு ஓட்டை இருந்தது. மேலே இருந்த ஓட்டையில் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தார்கள்.

எதற்கு என்று லேப் அட்டெண்டரிடம் கேட்டேன். அது போர்டோடு வந்த பழைய ஓட்டை என்றார். தனியாகக் கார்டு போட்டுவிட்டால் பழையது செத்துப்போகும், வயரைக் கார்டில் இருக்கும் ஓட்டைக்கு மாற்ற வேண்டும், பிள்ளைகள் தெரியாமல் பழையதிலேயே செருகிவிட்டு ஸ்க்ரீன் வரவில்லை என்று வந்து நிற்கிறார்கள் என்றார்.

நான் குனிந்த இடத்திலேயே இருந்தேன். கேபிள் தெகெது ஹாகி. எடுத்து இதில் போடு என்றல்லவா அந்த மனிதர் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

வீட்டில் அண்ணன் மட்டும் இருந்தான். அப்பாவும் அம்மாவும் நீலசந்திராவுக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் பெட்டி மேல் கிடந்த புடவையை எடுத்தேன். மேஜைக்குப் பின்னால் போனேன். மூன்று புள்ளி ஓட்டையிலிருந்து வயரை எடுத்து, கீழே இருந்த கார்டின் ஓட்டையில் செருகினேன். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் புள்ளி எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? அப்பா புள்ளி வைத்தபோது அந்த ஓட்டையே அங்கே கிடையாது.

சுவிட்சைப் போட்டேன். ஸ்க்ரீனில் வெளிச்சம் வந்தது.

அண்ணன் கழுவாத கையோடு எழுந்து வந்தான். வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையாலேயே எதையெதையோ அழுத்தினான். எங்கள் சந்து வந்தது.

குழாய் பச்சையாக இருந்தது. குடங்கள் ஆரஞ்சும் நீலமுமாக இருந்தன. சுவரில் மழைக்கறைகூட வைத்திருந்தான். அவன் அழுத்த அழுத்த, நாங்கள் நடக்கிற மாதிரியே சந்து எங்களை நோக்கி வந்தது. எங்கள் வீட்டுக் கதவு வந்ததும் நிறுத்தினான். சாக்பீஸ் எழுத்து. மேலே கன்னடம், கீழே தமிழ். நாளைக்கு வா.

சாம்பார் அவன் கையிலேயே காய்ந்துபோனது. நான் விஷயத்தைச் சொன்னேன். லேப், மஞ்சள் மூடி, எல்லாம். கேட்டுக்கொண்டே ஸ்க்ரீனைப் பார்த்தபடி இருந்தான்.

பிறகு மெஷினை அணைத்தான். கையைக் கழுவிவிட்டு வந்து, மேஜைக்குப் பின்னால் குனிந்து, வயரைப் பிடுங்கி, மறுபடியும் அந்த மூன்று புள்ளி ஓட்டையிலேயே செருகினான். புள்ளியும் புள்ளியும் நேராக வருகிறதா என்றுகூடப் பார்த்தான்.

“அப்பாகிட்ட சொல்லாத” என்றான். “எல்லாத்தையும் சரியாத்தான் போட்டோம்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. இருக்கட்டும்.”

நான் தலையாட்டினேன். இந்திராநகருக்கு இப்போது கொண்டுபோகலாமே என்று கேட்டேன். அந்தக் கம்பெனியை மூடி நாளாச்சு என்றான். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும்.

இன்னொரு ஆயுத பூஜை

அண்ணன் பாழாய்ப் போய்விட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே தொழிற்சாலையில் நல்ல நிலைமைக்கு வந்தான். அந்தப் பக்கமே வீடு கட்டிக்கொண்டு போனான். அவன் வரைகிற படம் எல்லாம் இப்போது அவன் பிள்ளைகளின் பள்ளிக்கூட சார்ட்டில் இருக்கிறது.

அம்மா காலமான பிறகு வந்த ஒரு ஆயுத பூஜைக்கு அப்பா என் வீட்டுக்கு வந்திருந்தார். ரிட்டயர் ஆகிவிட்டாலும் கை சும்மா இருக்காது. என் கம்ப்யூட்டரைத் துடைக்க உட்கார்ந்தார். வயரை எல்லாம் கழற்றினார். புள்ளி மட்டும் வைக்கவில்லை.

மார்க் போடலையாப்பா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

“அந்தப் பொட்டியில புதுசா ஒரு ஓட்டை வந்துச்சு இல்ல, கார்டுல. அதுக்கு நான் மார்க் வெக்கல. மார்க் இல்லாததை என் கண்ணு பாக்கவே இல்ல.”

எப்போது தெரியும் என்று கேட்டேன்.

அடுத்த வருஷ பூஜைக்குத் துடைக்கும்போதே தெரிந்துவிட்டதாம். ஒரே அளவு ஓட்டை இரண்டு இருப்பதை ஒரு ஃபிட்டர் எத்தனை நாள் பார்க்காமல் இருப்பார்? வயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு பழைய ஓட்டையிலேயே செருகிவிட்டாராம். எங்களுக்கெல்லாம் முன்னாலேயே தெரிந்தவர் அவர்.

“அவனுக்கு அந்த வாரம்தான் பர்மனென்ட் ஆச்சு. சொன்னா வுட்டுட்டுப் போயிருப்பான். போயிருந்தா நல்லதா கெட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. வாயை மூடிக்கிட்டேன்.” துணியை மடித்து வைத்தார். “அவன்கிட்ட சொல்லாத.”

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். அவனுக்கும் தெரியும்பா என்று ஒரு வார்த்தை. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது.

எழுந்து போகிறவர், வாசற்படியில் நின்று திரும்பினார். “உங்கம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம். கடைசி வரைக்கும் அந்தத் தண்ணியையே சொல்லிக்கிட்டு இருந்தா.”

அதுதான் தாங்கவில்லை. கம்பெனி போகட்டும், வேலை போகட்டும். உன் மேல் தப்பே இல்லை என்று அம்மாவிடம் சொல்ல அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதில் மும்முரமாக இருந்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் தலைமாட்டில் இருந்த மானிட்டரைப் பார்த்து, ஈரக்கையோடு கிட்டப் போகாதே என்று என்னிடம் சொன்னவர் அவர்.

இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன்னால் நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இந்தப் பத்திரிகையை அண்ணன் பஸ் ஸ்டாப் கடையில் வாங்கி, வேலை விட்டுத் திரும்பும்போது கம்பெனி பஸ்ஸில் படிப்பான். ஸ்ரீராம்புரத்தில் அப்பா மத்தியானமே படித்துவிடுவார். ஒவ்வொரு வாரமும் இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்து தப்பு கண்டுபிடிப்பார்கள். குழாய் நிறம் பச்சை இல்லை என்று இந்த வாரம் அப்பா சொல்லக்கூடும்.

அப்பா, கதவைத் திறந்து வையுங்கள்.

அண்ணா, படித்து முடித்ததும் எனக்குப் போன் போடாதே. வழியில் இறங்கி, பஸ் மாறி, நேராக ஸ்ரீராம்புரம் போ. நாளைக்கு என்று வைக்காதே.